கேனில் காய்ந்த வெள்ளைக் கோடு

அன்று கடற்கரையில் உன்னிடம் நான் ‘ஏன்’ என்று கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் என் பேருந்துக்கு முன்னால் ஒரு சிறிய லாரி போனது. நிறைய நீலக் கேன்கள், மேலே கயிறு. எல்லாம் உப்பளத்தில் கிடந்தவை. பாதி உயரத்துக்கு உப்பு பூத்திருந்தது. துறைமுகச் சாலையில் இது அன்றாடக் காட்சிதான். ஆனால் கல்லூரி முடிக்குமுன்பே ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, அந்த நீலத்தை என்னால் சும்மா பார்த்துவிட்டு முகம் திருப்ப முடிவதில்லை.

பதினோராம் வகுப்பில் ஏதாவது ஒன்றை நாமே செய்துபார்க்க வாரத்துக்கு ஒரு பிற்பகலை நம்மிடமே விட்டுவிட்டார்கள். குழுவும் நம்முடையது, வேலையும் நம்முடையது, கோளாறும் நம்முடையது. இயற்பியல் ஆசிரியர் மூலையில் உட்கார்ந்திருப்பார். கேட்டால் மட்டும் பேசுவார். நீ கேப்டன். படம் வரைவது நான். மூங்கில், கேன், கயிறு சேர்ப்பது முத்து. பக்கத்தில் உள்ள புதுக்கோட்டை கிராமத்திலிருந்து பேருந்தில் வரும் செல்வி எடையும் அளவும் பார்ப்பாள். கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கும் உன் சித்தி, நனைந்த சாக்கை இழுத்துக்கொண்டு பாறைமேல் தடுமாறி வருவதைப் பார்த்துத்தான் நீலக் கேன்களை மூங்கிலில் கட்டிய ஒரு மிதவையை நீ யோசித்தாய். சாக்கை அதில் போடலாம். களைத்துப்போனால் இரண்டு பேர் ஏறி உட்காரலாம்.

முதல் கூட்டத்தில் நீ ஒரே ஒரு விதிதான் வைத்தாய்.

“யாராவது நிறுத்துன்னு சொல்லிட்டா எல்லாரும் கைய எடுத்துரணும். அங்கன வச்சு ஏன்னு கேக்கக் கூடாது. சாயங்காலம் கேக்கலாம்.”

“பசிக்குன்னு நிறுத்தலாமா?” என்றான் முத்து.

“உனக்கு மட்டும் அந்தச் சலுகை கெடையாதுலே.”

பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாய்: “அங்கனயே ஏன்னு கேட்டா, வாய் உள்ளவந்தான் ஜெயிப்பான்.”

சோதனைக்காகக் கடலில் இறங்கப் பள்ளி அனுமதிக்கவில்லை. செல்வியின் அப்பா வேலை பார்க்கும் உப்பளத்தில், பாத்திக்கு விடுமுன் கெட்டியான உப்புத் தண்ணீரைத் தேக்கிவைக்கும் இடுப்பளவுக் குழி ஒன்று இருந்தது. அதில் மிதவையை விட்டோம். நீயும் செல்வியும் ஏறி, நனைந்த சாக்கையும் மடியில் வைத்துக்கொண்டீர்கள். அது அசையவே இல்லை. முத்து கரையில் நின்று விசில் அடித்தான். வெயிலில் காய்ந்தபோது, தண்ணீர் நின்ற இடத்தில் கேன்களைச் சுற்றி வெள்ளையாக ஒரு உப்புக் கோடு விழுந்தது. அழகாக இருக்கிறது என்று நாம் துடைக்கவில்லை.

செய்துகாட்டும் நாளன்று மாநிலக் கண்காட்சிக்குக் குழுவைத் தேர்ந்தெடுக்கச் சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். தலைமையாசிரியர் வெள்ளைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு நின்றார். காற்று கொஞ்சம் ஏறியிருந்தது. செல்விக்கு நீந்தத் தெரியாது. விழுந்துவிடக் கூடாதென்று அவள் இடுப்பை மிதவையின் மூங்கிலோடு சேர்த்துக் கட்டியிருந்தோம். அதுதான் பத்திரம் என்று நால்வருமே நம்பினோம். பக்கத்தில் உன் அண்ணன் வள்ளத்தில் நின்றார். முழங்கால் ஆழத்தில் நீ ஏறி உட்கார்ந்து சாக்கை வாங்கிக்கொண்டாய். நானும் முத்துவும் ஆளுக்கொரு பக்கம் மூங்கிலைப் பிடித்து, பாறையைத் தாண்டித் தள்ளத் தயாரானோம்.

நீ குனிந்து பக்கவாட்டில் பார்த்தாய். பார்த்துக்கொண்டே இருந்தாய்.

“நிறுத்து.”

முத்து கையை எடுத்தான். நானும் எடுத்தேன். நீ இறங்கி, செல்வியின் இடுப்பு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாய். நனைந்த கயிறு, முடிச்சு இறுகியிருந்தது.

“என்னம்மா இது?” தலைமையாசிரியர் செருப்போடு தண்ணீருக்குள் வந்துவிட்டார். “இத்தன பேரு வெயில்ல நிக்காங்க. வள்ளம் நிக்கி. இப்பப் போயி நிறுத்துன்னா?”

“நிறுத்தியாச்சு சார். காரணத்தச் சாயங்காலம் சொல்லுதேன்.”

“சாயங்காலமா? அவுக மூணு மணி ரயிலுக்குப் போறாக!”

அதிகாரி சிரித்தார். “விடுங்க சார். சின்னப் பொண்ணுங்க, பயம் இருக்கும்ல.”

உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். தலைமையாசிரியர் இயற்பியல் ஆசிரியர் பக்கம் திரும்பினார். “நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்க.”

“இது அவங்க டீம் சார்,” என்றார் அவர். குரல் உள்ளே போயிருந்தது.

பிறகு தலைமையாசிரியர் என்னிடம் வந்தார். “நீ வெவரமான புள்ள. இனிமே இவ கேப்டன் இல்ல, நீதான். தள்ளு.”

முத்து பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்: “ஏளா, கண்காட்சி போச்சுளா.” செல்வி கட்டோடு உட்கார்ந்து என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நீ என்னைப் பார்க்கவில்லை. முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தாய். காரணத்தை ஒரு வரியில் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

“நிறுத்தியாச்சு சார்,” என்றேன். நீ சொன்னதையே சொன்னேன். எனக்கென்று சொல்ல வேறு எதுவும் இல்லை. குனிந்து முடிச்சின் மறுமுனையைப் பிடித்தேன்.

அவர்கள் வேறு குழுவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது நான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் பிரிவில் இருக்கிறேன். கிரேன் பாரத்தோடு நிற்கும்போது கீழே யாராவது கையை உயர்த்தினால், வயர்லெஸ்ஸில் நான் முதலில் சொல்வது ‘நிறுத்து’தான். காரணம் தெரியாமல் நிறுத்தியதற்காக மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கிய நாட்கள் உண்டு. காரணம் தெரிந்த பிறகுதான் பேச வேண்டும் என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். கண்ணுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது, காரணம் பின்னால் மெதுவாக நடந்துதான் வருகிறது என்பதை நான் உன்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

ஏனென்றால் அன்று சாயங்காலம் நீ சொன்னது இதுதான்: “எனக்கே அப்பத் தெரியலளா. உப்பளத்துல ரெண்டு பேரும் உக்காந்தப்ப கோட்டோட நின்ன தண்ணி, இங்கன கோட்ட முக்கிட்டு மேல வந்துட்டு. அவ்ளவுதான் தெரிஞ்சுது.”

இயற்பியல் ஆசிரியர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நாற்புறமும் உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் பிறந்த நாம், எல்லா உப்புத் தண்ணீரும் ஒன்று என்று நினைத்துவிட்டோம். உப்பளத்தின் கெட்டித் தண்ணீர் தூக்கிக் காட்டிய பாரத்தைக் கடல் அவ்வளவு உயரத்துக்குத் தூக்காது.

வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுவோம் என்றாய். உங்கள் இருவர் எடைக்கும் சாக்குகளில் மணலை நிரப்பினோம். செல்வியைக் கட்டிய இடத்தில், அதே மாதிரி, அவள் எடையுள்ள சாக்குகளைக் கட்டினோம். உன் அண்ணன் வள்ளத்தில் இழுத்துப் பாறையைத் தாண்டி விட்டார். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு அலை பக்கவாட்டில் வந்தது. பெரிய அலைகூட இல்லை. மிதவை கவிழ்ந்தது. கட்டிய சாக்குகள் அடியில் தொங்கின. நானும் முத்துவும் நீந்திப்போய்ப் புரட்டிப் பார்த்தோம், முடியவில்லை. உன் அண்ணன் கத்தியோடு முங்கித்தான் கயிற்றை அறுத்தார். செல்வி கரையில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.