லேபிளில் அழித்த சிவப்பு

கோவில்பட்டி

அன்பு மகளுக்கு,

மாப்பிள்ளை கடைசியாக எடுத்த படத்தை, உன்னைக் கேட்காமல் நம் தீப்பெட்டிக்கு லேபிளாகப் போட்டுவிட்டேன். ஓட்டப்பிடாரம் கடையில் நீ அதைப் பார்த்துவிட்டாய்.

அவர் மலையில் தவறிப்போய் ஒரு வருசமாக நீ அந்தக் கேமராவைத் தொடவில்லை. அன்றைக்கு அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் திறந்தேன். கடைசிப் படத்தில் பனிமலையைக் கண்டதும் என் புத்தி லேபிளுக்குப் போய்விட்டது.

அச்சகத்தில் கேட்டார்கள்: "அண்ணாச்சி, மலையடியில சிகப்பா ஒரு புள்ளி கெடக்கு, அழுக்கு போல. எடுத்துரவா?"

"எடுத்துருலே" என்றேன்.

"அது என் குல்லாப்பா! அங்கன நான் நிக்கேன். என்னையவே அழிச்சிட்டியளே!" என்று நீ போனில் கத்தின பிறகுதான் புரிந்தது. அவர் உன்னைத்தான் எடுத்திருக்கிறார். கால் வழுக்கியது அதற்கப்புறம்.

மிச்ச லேபிளை எல்லாம் ஆலையை விட்டுத் தள்ளி, கரிசல் காட்டில் வைத்துக் கொளுத்தியாச்சு. கடைகளுக்குப் போன பண்டல்களையும் திருப்பி எடுக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நீ அதே மலைக்கு ரயிலேறுகிறாய். தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் நேற்றுப் பேசி முடித்ததை எழுதி வைக்கிறேன்.

கேமரா உன்னோடு போகும். நான் இனித் தொட மாட்டேன். தினமும் போன் கேட்டேன், வாரம் ஒன்று என்றாய், இரண்டு நாளுக்கு ஒன்று என்று முடிந்தது. குல்லா விசயத்தில் மட்டும் நான் இறங்கவில்லை, நீயும் சரியென்று சொல்லிவிட்டாய்: சிகப்புதான்.

உன் அப்பா