நீ நிரப்பாத கோடிட்ட இடம்

காலை பதினொன்று நாற்பத்திரண்டு. வெள்ளிமலை செல்போன் டவரின் பதிவேட்டில் அந்த நேரம் என் கையெழுத்திலேயே இருக்கிறது. விடிந்ததிலிருந்து ஜெனரேட்டர் ஓடாமல் டவர் படுத்துக் கிடந்தது. டீசல் குழாயில் அடைப்பு. அதை எடுத்து, ஓடவிட்டு, சிக்னல் வந்ததும் நேரம் பார்த்து எழுதினேன். Generator had failed. பழுது சரியாகிவிட்டது, அதனால் had. அப்படித்தான் எழுதவேண்டும் என்று நாம் பேசி வைத்திருந்தோம்.

பேனாவை மூடுவதற்குள் சட்டைப் பையில் போன் மூன்று முறை அதிர்ந்தது. மூன்றும் உன் தம்பி அனுப்பிய மெசேஜ். அக்கா வார்டில் மயங்கி விழுந்துவிட்டது. சீக்கிரம் வாங்க மாமா. மூன்றாவது மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது: Akka has expired. அதைப் படித்ததும் என் மனதில் முதலில் ஓடியது என்ன தெரியுமா? has சரிதான் என்பது. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று உன் டூட்டிப் பையைத் துவைக்க எடுத்தேன். ஆஸ்பத்திரி வாசனை இன்னும் போகவில்லை. அடியில் அந்த நோட்டு இருந்தது.

வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு ஆங்கிலப் பரீட்சை எழுதவேண்டும் என்று நீ வாங்கிய நோட்டு. நர்ஸ் நீ, பரீட்சை உனக்கு, திருத்துகிற வேலை எனக்கு. "டிப்ளமோ படிச்ச எனக்கு இன்னா இங்கிலீஷ் தெரியும்?" என்றேன். "புக்குல பின்னாடி விடை இருக்குது டவரு. மீட்டர் பாக்கற மாதிரி பாத்து டிக் போடு" என்றாய். பக்கத்தில் ஆள் இருந்தால் என்னை 'ஏங்க' என்பாய், நாம் இருவர் மட்டும் என்றால் 'டவரு'.

have, had இரண்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. நீதான் தமிழில் சொன்னாய். "வந்திருக்கான்னா ஆளு இங்கதான் கீறான். வந்திருந்தான்னா வந்துட்டுப் போயிட்டான். அவ்ளோதான்." அதை நான் என் வேலைக்கு மாற்றிக்கொண்டேன். அலாரம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தால் has. அடங்கிவிட்டிருந்தால் had. நீ அதை நோட்டின் அட்டையில் எழுதி வைத்தாய்.

அன்றுதான் அலாரத்தை மறைக்கிற வசதி ஒன்று உண்டு என்று சொன்னேன். பழுது இருக்கும், ஆனால் கண்ட்ரோல் ரூம் திரையில் காட்டாது.

"அப்ப டவருக்கும் தெரியாதா?"

"டவருக்குத் தெரியும். பாத்துக்கினு இருக்கறவனுக்குத்தான் தெரியாது."

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

நம் மாடிப்படி திரும்புகிற இடத்தில் தினமும் நின்று go, went, gone என்று ஒப்பிப்பாயே, அதைப் படிப்பு என்று நினைத்தேன். "வூட்டுக்குள்ள வந்து ஒப்பிக்கக் கூடாதா?" என்று கேட்டால், "இங்கதான் டவரு மண்டையில ஏறுது" என்பாய். கீழ் வீட்டு அம்மாவிடம் அதைப் பெருமையாகக்கூட சொல்லியிருக்கிறேன். நீ அங்கே மூச்சு வாங்க நின்றிருக்கிறாய்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் முதல் வரியே known case என்று இருந்தது. ஏற்கெனவே தெரிந்த நோய். இதய வால்வு சுருக்கம். யாருக்குத் தெரிந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் உன் தம்பியைப் பார்த்தார். மணலூர்ப்பேட்டையில் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

"ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொன்னாங்க மாமா. பரீச்ச முடியட்டும்னு அக்காதான் தள்ளிக்கினே போச்சு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்துச்சு. தெரிஞ்சா வெளிநாடே வேணாம்னுடுவீங்கன்னு."

"உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"மொதல்லேர்ந்தே."

ஆமாம், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்காக மறைப்பாயா? நீ விவரம் தெரியாதவள் இல்லை. அந்த வால்வு என்ன செய்யும் என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். எட்டு மணி நேரம் அடுத்தவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து, என் பக்கத்தில் படுத்து, நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்டாய். உன் தம்பிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், தாளுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு மட்டும் தெரியாது. எல்லோரும் வந்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உன்மேல் கோபம்தான் வருகிறது. அதையும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. செத்தவள்மேல் கோபப்படுகிறான் பார் என்பார்கள்.

நோட்டில் கடைசியாக எழுதிய பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ கோயிலுக்குப் போய்வந்து எழுதியது. had வைத்து, சொந்தமாகப் பத்து வாக்கியம். ஒன்பதுக்கு டிக் போட்டேன். பத்தாவது: I have not told him. அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

"இன்னா இது, இது மட்டும் have?"

"அது have தான் டவரு."

"பாடம் had. மார்க்கு கம்மி ஆயிடும். யாரு யார்கிட்ட இன்னா சொல்லல?"

"யாரோ யார்கிட்டயோ. உதாரணந்தானே?"

have-ஐ அடித்துவிட்டு சிவப்பு மையில் had என்று போட்டேன். "had தனியா நிக்காது. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு நடந்திருக்கணும்" என்று உனக்கே பாடம் சொன்னேன். பக்கத்தில் when என்று எழுதி, ஒரு கோடு இழுத்தேன். இன்னது நடந்தபோது, அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை. அந்த இன்னதை நீ நிரப்பவேண்டும்.

வெகுநேரம் அந்தக் கோட்டைப் பார்த்தாய். "இத நெரப்பினா முடிஞ்சிடும்ல?"

"முடிச்சாதானே மார்க்கு?"

நோட்டை மூடிவிட்டு உலை வைக்கப் போனாய். நீ சொல்ல வந்தாய் என்று உன்னை நல்லவளாக்க எனக்கு மனம் வரவில்லை. என் கண்ணெதிரே எழுதினாய், நான் கேட்டேன், உதாரணம் என்றாய். ஒரு வார்த்தை. தமிழிலேயே சொல்லியிருக்கலாம்.

அந்தக் கோட்டில் என்ன வரும் என்று இப்போது எனக்குத் தெரியும். when I died. இலக்கணம் சரியாகத்தான் இருக்கிறது. அதை எழுதத்தான் நீ இல்லை.

இன்று அதே சிவப்புப் பேனாவை எடுத்து, என் had-ஐ அடித்தேன். when-ஐயும் கோட்டையும் அடித்தேன். உன் have-ஐ மறுபடி மேலே எழுதி, டிக் போட்டேன். நீதான் சரி. அது முடியவில்லை. நீ என்னிடம் இன்னும் சொல்லவில்லை. இனி ஆயுளுக்கும் என்னோடு வரப்போவது அந்த have-தான்.

உன் தம்பி காலையிலிருந்து அழைத்துக்கொண்டே இருக்கிறான். மிச்சம் எல்லாவற்றையும் உட்கார்ந்து சொல்லவேண்டுமாம், சொன்னால்தான் அவன் மனசு ஆறுமாம். அவன் வாயால் எனக்கு எதுவும் தெரியவேண்டாம். சொல்லவேண்டியவள் நீ. டவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நிமிடம்கூட நான் செய்யாததை இப்போது செய்திருக்கிறேன். போனை அணைத்துவிட்டேன்.