நன்றாக வளர்ந்த பக்கம்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்தக் குளிரில் நீ இருமாமல் கொள்ளாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். இங்கே எனக்குப் பரவாயில்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியில் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சித்தி வந்து ஒரு வாரம் இருந்தாள். அப்பாவின் சட்டைகளை மடித்து அலமாரியில் அடுக்கினாள், யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பா ஆய்வகத்தில் வளர்த்த பூஞ்சையை எப்போது அனுப்புவாய் என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினேன். உன் ஆராய்ச்சியே அதை நம்பித்தான் இருக்கிறது, இனியும் மறைக்கக் கூடாது. சோம்பேறி என்று அவர் பேர் வைத்த அந்தப் பூஞ்சை இப்போது இல்லை, சின்னு. பூஞ்சையின் இழை நுனியில்தானே வளரும், வளர்ச்சிக்கு வேண்டிய புரதங்களை எல்லாம் சின்னச் சின்னப் பைகளில் கட்டி நுனிவரை சுமந்து போக வேண்டும். நம்ம ஆளு பாதி வழியிலேயே மூட்டையை இறக்கி வெச்சிட்டு உக்காந்துடுறான், அதான் கண்ட இடத்துல வீங்கிக் கிளை விடுறான் என்று அப்பா சிரிப்பாரே. எத்தனை நாள் வைத்தாலும் வளர்ப்புத் தட்டின் நடுவில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் இருக்கும். நாம் அப்பாவோடு மருத்துவமனையில் கிடந்தபோது ஆய்வகத்து உறைபெட்டி பழுதாகி, அதில் பூஞ்சையைச் சேமித்து வைத்த குழாய்கள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது மேசைமேல் இருந்த தட்டு மட்டும். அதுவும் செத்துவிடக் கூடாதே என்று ஆய்வகத்து அக்கா யாரும் சொல்லாமலே மாதக்கணக்காகப் புதுத் தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்திருக்கிறாள். நான் ஆய்வக வேலைக்குத் திரும்பிய அன்று பெருமையோடு கொண்டுவந்து காட்டினாள். தட்டு விளிம்புவரை வெள்ளையாக நிரம்பியிருந்தது. பாவம்மா, ஒரு பக்கம் மட்டும் நல்லா வளர ஆரம்பிச்சுது, அதுலேருந்தே எடுத்து எடுத்து வெச்சேன், ஐயா பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு என்றாள். நல்லா பாத்துக்கிட்டீங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவள் எடுத்து எடுத்து வைத்தது சோம்பேறித்தனம் போய் மாறிவிட்ட பக்கத்தைத்தான்; மாறாத பழைய தட்டு ஒன்றாவது கிடைக்குமா என்று தேடினேன், எல்லாவற்றையும் பளபளவென்று கழுவி அடுக்கியிருந்தாள். இந்தப் பூஞ்சையின் வித்துகளைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்தும் பார்த்தேன், ஒன்றுகூடப் பொத்தானாக நிற்கவில்லை, எல்லாமே ஓடிப் பரவின.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். இழைகள் நேராகப் போகின்றன, அங்கங்கே ஒரு சின்ன வீக்கம், அவ்வளவுதான். விட்டுப்போன சுமையை உள்ளே வேறு எதுவோ தூக்கத் தொடங்கியிருக்கிறது. அது எது என்று தேடச் சொல்லி உன் பேராசிரியர் துள்ளக்கூடும், துள்ளட்டும், உனக்கு அதுவே வழியானால் நல்லதுதான். எனக்குத்தான் அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

அக்காவிடம் பேசும்போது இதைப் பற்றி மூச்சு விடாதே. நன்றி மட்டும் சொல். வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு விட்டு வெளியே போகாதே. நீ எடுத்த காரியம் நல்லபடி முடியட்டும், என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு.

இப்போது இருக்கும் பூஞ்சையைப் பொட்டலமாகக் கட்டி நேற்று அனுப்பிவிட்டேன். சோம்பேறி என்று அப்பா எழுதிய ஒட்டுச்சீட்டை அக்கா ஒவ்வொரு தட்டாக மாற்றி ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறாள், அதை உரித்து நான் வைத்துக்கொண்டேன். நீ புதிதாக ஒரு எண் போட்டுக்கொள். சோம்பேறி என்று மட்டும் எழுதாதே, அவன் போய்விட்டான். இது பிழைத்துக்கொண்ட வேறொன்று.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா