கொலோனோஸில் தூக்கிய கை

பிரேயுஸ் துறைமுகம், ஏதென்ஸ்

சாமோஸ் தீவில் போர்க்கப்பலில் துடுப்பு வலிக்கும் என் கணவர் எர்மோனுக்கு மெலித்தா எழுதுவது. நானும் பிள்ளைகளும் நலம். அங்கே உங்களுக்கு அத்தீனா தேவி துணை இருக்கட்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது. ஏதென்ஸில் மக்களாட்சி முடிந்துவிட்டது. எதிரி வந்து முடிக்கவில்லை. நம் ஆட்களே கை தூக்கி முடித்துவிட்டார்கள்.

சபையை வழக்கமான குன்றில் கூட்டாமல், மதிலுக்கு வெளியே கொலோனோஸில் கூட்டினார்கள். எதிரி ஸ்பார்ட்டாக்காரன் திரிகிற வெளிக்குக் கவசம் இல்லாத ஏழை எவன் போவான்? போனவர்களிடம் முதலில் ஒன்றுக்குச் சம்மதம் வாங்கினார்கள். சட்டத்துக்கு விரோதமான தீர்மானத்தை யார் கொண்டுவந்தாலும் இனி அவர்மேல் வழக்குப் போட முடியாதாம். காவல் நாயை விரட்டிவிட்டுத் திருடனைக் கூப்பிட்ட கதைதான். அடுத்த தீர்மானத்தில் நகரமே நானூறு பணக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. துடுப்பு வலிப்பவனுக்கு இனி வாக்கு இல்லை.

உங்கள் தம்பி பிலினோஸும் யாரிடமோ கவசம் இரவல் வாங்கிக்கொண்டு அங்கே போய்க் கை தூக்கியிருக்கிறான். "எல்லாரும் தூக்கினாங்க அண்ணி. கத்தி வச்சிருக்கவனுங்க சுத்தி நின்னானுங்க, நான் மட்டும் என்ன செய்ய?" என்கிறான். "அண்ணன் வாக்கையும் சேத்துக் குடுத்துட்டு வந்து கஞ்சி கேக்குறியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

மதுக்கடையில் உங்களோடு மல்லுக்கு நிற்பாரே வாத்தியார் ஆர்கியாஸ், அவருக்கு ஒரே கொண்டாட்டம். "நான் அப்பவே சொல்லலியா? கும்பல் கையில ஆட்சியக் குடுத்தா, அது தானா ஒரு எசமானனத் தேடிக்கும்னு" என்றார். "எந்தக் கும்பல் ஐயா? அது பூராவும் சாமோஸ்ல துடுப்பு வலிக்குது. குடுத்தவன் எல்லாம் கவசம் வாங்க வக்குள்ளவன்" என்றேன். "வாக்கில்லாத பொம்பளைக்கு எதுக்கும்மா இந்தப் பேச்சு?" என்று சிரித்தார். சுருக்கென்று தைத்தது. எனக்கு என்றைக்கும் வாக்கு இருந்ததில்லை. இன்று உங்களுக்கும் இல்லை. அதைச் சொல்லிச் சிரிக்கிறாரே, பாவி மனுஷர்!

மக்களாட்சி நிலைக்கும் என்று அவரிடம் அடித்துப் பேசினீர்கள். தானாக எதுவும் நிலைக்காது போலிருக்கிறது. நானூறு பேரின் தூதர்கள் அங்கே வரப்போகிறார்கள். எல்லாம் உங்கள் நன்மைக்கே என்பார்கள், நம்பாதீர்கள். கப்பல்காரர்கள் எல்லாரும் அங்கேயே சபை கூட்டுங்கள். கப்பல்களை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சின்னவள் அப்பா எப்போது வருவார் என்று நச்சரிக்கிறாள். என் பாடும் அதேதான். ஆனாலும், 'வாருங்கள்' என்று என் பெயரில் ஒரு கடிதம் வந்தால், அது என் கையெழுத்தாகவே இருந்தாலும், கத்தி முனையில் எழுத வைத்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். வராதீர்கள்.

உங்கள் மெலித்தா