அசனத்து வெங்காயம்

செல்லூர், மதுரை
18 நவம்பர் 2024

அன்பு மருமகள் ஹெப்சிபாவுக்கு, மாமா கிருபாகரனின் தோத்திரங்கள் ஒரு லாரி.

உலகத்தில் ஒருவரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன். சத்தியம் பண்ணக்கூடாது என்று வேதம் சொல்வதால், சபைச் செயலாளர் என்ற மாபெரும் பதவியின்மேல் உறுதி மட்டும் கூறுகிறேன்.

நம் சபையிலிருந்து உன் பெயரை எடுத்து, புனே சபையில் சேர மாற்றுக் கடிதம் கேட்டிருந்தாய். எழுத உட்கார்ந்தேன். அதற்குள் சபையே கூடிச் சமைத்துச் சாப்பிடும் சபை நாள் அசனம் வந்துவிட்டது. வழக்கம்போல வீட்டுக்கொரு அரிவாள்மனையோடு எல்லாரும் கோயில் வளாகத்தில் கூடினோம். வாடிப்பட்டியிலிருந்து இறங்கிய வெங்காயம் ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. உரித்தோம். எங்கள் கண்ணீர் தறிக்கூடங்களுக்குள் புகுந்து, வைகையில் கலந்து, ஆறு கரித்துப்போய் மாடுகள் வாய் வைக்கவில்லை. கோயில் தெருப் பையன் டோனி சாம்பார் அண்டாவுக்குள் விழுந்து மூன்று மணி நேரம் நீந்திக் கரையேறினான். ஏறியதும், "உப்பு பத்தல மாமா" என்றான்.

எல்லாரையும்விட அதிகம் அழுதது உன் ஆனிமேரி பெரியம்மா. "என்னக்கா இது?" என்றேன்.

"வெங்காயம் காந்துதுய்யா. போயி வேலையப் பாரு."

இந்த வெள்ளத்தில் உன் கடிதம் எழுதவேண்டிய தாள் நனைந்துவிட்டது. வேறென்ன செய்ய?

மாமா,
கிருபாகரன்

*

புனே
27 நவம்பர் 2024

அன்புள்ள மாமா,

தோத்திரம். சிரித்தேன். ஆனால் கதை சொல்லி என்னை ஏமாற்ற வேண்டாம்.

என் நிச்சயம் முறிந்த மறுவாரம்தான் போன வருஷ அசனம். வெங்காயம் உரிக்கையில் கண் எரிந்து பாதியில் எழுந்தேன். அத்தனை பேர் முன்னால் பெரியம்மா சொன்னார்கள்: "வெங்காயத்தையும் பாதியில விட்டுட்டா. இவளுக்கு எதுதான் முழுசா முடிஞ்சிருக்கு?" அரிவாள்மனையை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். "விடுக்கா" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நீங்களும்தான் மாமா.

இங்கே கோயிலில் எல்லாரும் நல்லவர்கள். பத்து மாதமாக யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டுவதற்குப் பெயர் தெரியவேண்டுமே.

அங்கே யாராவது என்னைத் தேடினார்களா? உங்கள் கதையில் ஒரு துளி நிஜம் இருந்தால் சொல்லுங்கள், கிறிஸ்மஸுக்கு வாரேன். இல்லையென்றால் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.

ஹெப்சிபா

*

செல்லூர்
4 டிசம்பர் 2024

அம்மா ஹெப்சி,

மாற்றுக் கடிதம் இதோடு வருகிறது. நம் போதகர் ஐயர் கையெழுத்துப் போட்டுவிட்டார். தேதி போடும் இடம் மட்டும் காலி. போடுவதும் கிழிப்பதும் உன் பாடு.

இம்புட்டு வாய் வைத்திருக்கும் நான் அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. மன்னித்துக்கொள்.

வெங்காயம் சின்ன வெங்காயம்தான். மாடுகள் சௌக்கியமாகத் தண்ணீர் குடிக்கின்றன. டோனி அண்டா பக்கமே வரவில்லை, பந்திக்குத்தான் வந்தான்.

பெரியம்மா அழுதது மட்டும் நிஜம். நீ போட்டுவிட்டுப் போன அரிவாள்மனையை ஒரு வருஷம் வீட்டில் வைத்திருந்து, அசனத்தன்று கொண்டுவந்து, உன் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

நறுக்கிக்கொண்டிருந்தது பூசணிக்காய்.

மாமா