தம்பியும் அந்தச் சிப்பியைத் தின்றான்

அன்பு மகள் அஸெனோருக்கு,

ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் நூமேயாவில் நலமாக வைத்திருக்கட்டும். நான் எழுந்து நடமாடுகிறேன், அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் பொய்.

உன் கடிதம் வந்தது. கோபத்தில் எழுதினாலும் வரி கோணக் கூடாது என்று கன்னியர் மடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், உனக்கு நான் சொல்லித் தரவில்லை போலும். விருந்துக்குப் பிறகு படுத்தவள் எழவில்லை, ஒதில் பெரியம்மாவை அடக்கம் செய்தாயிற்று. கல்லறை வாசலிலேயே கசாப்புக்கடை மர்த்தின், என் காதில் விழட்டும் என்றே, "எல்லாரும் வாந்தியும் பேதியுமா கெடந்தாங்க, சிப்பிக்காரரு மட்டும் கல்லு மாதிரி நின்னாரு, அவரு தட்டுல என்னத்த வச்சிருந்தாரோ" என்றாள். நீயும் அதையேதான் எழுதியிருக்கிறாய், சிப்பி வளர்க்கிற உன் தம்பி கூல்வென், தான் தொடாததை எங்களுக்குப் பரிமாறினான் என்று. அவன் தின்றான். கிறிஸ்துமஸ் விருந்தில் என் வலப்பக்கம் உட்கார்ந்து எல்லாரையும்விட அதிகமாகத் தின்றான். நான் பார்த்தேன்.

அந்த வாரம் மழையில் ஊர்ச் சாக்கடை பொங்கிச் சிப்பி வளரும் கடற்கழியில் கலந்தது, சிப்பி விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவன் ஒன்றுகூட விற்கவில்லை. வீட்டு மேசைக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தான். பெரியம்மாதான், "ஏன்டா, அதிகாரிக்குப் பயந்துக்கிட்டு இந்தக் கெழவி வாயில மண்ணப் போடுறியா? உங்கப்பன் இருந்தா சிரிச்சிருப்பான்" என்று சீண்டினாள். அதன் பிறகு உன் அப்பா வைத்த முறைப்படியே செய்தான். அழுக்குப் போகச் சிப்பியைச் சுத்தமான கடல்தண்ணீரில் போட்டான், முதலில் தானே தின்றான், மறுநாள் வரை பொறுத்தான், வயிறு ஒன்றும் சொல்லாததால் எங்களுக்கு உடைத்தான்.

டாக்டர் கெர்மரெக் அவன் எச்சிலைச் சோதனைக்கு அனுப்பினார். நம் இரத்த வகையைக் காட்டும் அடையாளங்கள் இரத்தத்தில் மட்டும் இல்லையாம், பெரும்பாலானவர்களுக்கு எச்சிலிலும் குடலின் உட்சுவரிலும் இருக்குமாம், எங்களைப் படுக்கவைத்த வாந்திபேதி வைரஸ் அதைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழையுமாம். சிப்பிக்குள்ளும் அதுபோல ஒன்று இருப்பதால்தான் எத்தனை தண்ணீரில் போட்டாலும் கிருமி அதை விட்டுப் போவதில்லை. சிலருக்குக் குடலில் அந்த அடையாளம் இருப்பதே இல்லை. "உங்க மகன் அந்த ரகம்மா, உங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்திருக்கணும்" என்றார். அதாவது, இரண்டு தலைமுறையாக இந்த வீட்டில் சிப்பியைத் தின்று பார்த்துச் சொன்னவர்கள், அந்த நோய் தொடவே முடியாதவர்கள். அந்த வயிற்றை நம்பித்தான் நாங்கள் எல்லாரும் தின்றோம்.

கூல்வென் டாக்டரை நம்பவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது கொட்டகையில் உட்கார்ந்து, அதே கூடையில் மிஞ்சியதை உடைத்து உடைத்து விழுங்கிக்கொண்டிருந்தான். கத்தியைப் பிடுங்கினேன். "விடும்மா, எனக்கும் வரட்டும்" என்றான். வரவில்லை. மறுநாள் அடுப்படிக்கு வந்து நின்று, "பசிக்குதும்மா" என்றான். திருடிவிட்டு வந்து ஒப்புக்கொள்பவன் குரலில் சொன்னான்.

அஸெனோர், எனக்குப் பதில் வேண்டாம். அவனுக்கு எழுது. 'நீ தின்றாய் என்று எனக்குத் தெரியும்' என்று ஒரு வரி போதும். அங்கே மழைக்காலம், குழந்தைகளுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடு. மாதா உங்களைக் காக்கட்டும்.

உன் அம்மா,
சொலாஞ்ஜ்