அப்பா அனுப்பிய சொட்டு மருந்து

எம். புதுப்பட்டி
20.1.2025

அன்புள்ள அனுப்பிரியா அப்பாவுக்கு,

மாரிசெல்வி எழுதுவது. போனில் பேசினால் எடுத்ததுமே சண்டை வருகிறது. அதனால் எழுதி, எங்கள் பட்டாசுக் கம்பெனி வேன் டிரைவர் பலவேசம் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் கோபித்துக்கொண்டு சிவகாசியில் தங்கி, பிள்ளையை எட்டிக்கூடப் பார்க்காததைப் பிறகு பேசுவோம். பொங்கல் லீவில் வெம்பக்கோட்டை அக்கா காட்டில் விளையாடியபோது, மக்காச்சோளத் தோகை அனுவின் கண்ணைக் கீறிவிட்டது. கண் செக்கச்செவேலென்று சிவந்து நீர் வடிகிறது. வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் போகிறேன்.

மாரிசெல்வி


சிவகாசி
21.1.2025

மாரிசெல்விக்கு,

இதற்குப் போய் மதுரையா? எங்கள் அச்சாபீசில் மையோ, மை கழுவுகிற தின்னரோ பட்டு யார் கண் சிவந்தாலும் இந்தச் சொட்டுதான். மறுநாளே தெளிந்துவிடும். பலவேசத்திடம் கொடுத்திருக்கிறேன், மூன்று வேளையும் விடு. அப்பா அனுப்பினார் என்று சொல். நான் வராமலிருப்பது உன் கோபத்துக்குப் பயந்துதான்.

முனியராஜ்


எம். புதுப்பட்டி
25.1.2025

அன்புள்ள உங்களுக்கு,

சிவப்பு போய்விட்டது! ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. "எங்கப்பா அனுப்புனது" என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு, குப்பியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறாள். எனக்கும் மனசு இளகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வாங்க, கோழிக்குழம்பு வைக்கிறேன். வெளிச்சம் பட்டால் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். சரியாகிவிடும்தானே?

உங்கள் மாரிசெல்வி


மதுரை
9.2.2025

அனுப்பிரியா அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவில்லை. அந்த வாரமே அனுவின் கருவிழியில் வெள்ளை படர்ந்துவிட்டது. தோகை கீறிய இடத்தில் பூஞ்சையாம். உங்கள் சொட்டு சிவப்பை மறைத்து, பூஞ்சையை உள்ளே வளரவிட்டதாம். "கீறினவுடனே வந்திருந்தா சொட்டு மருந்திலேயே காப்பாத்தியிருக்கலாமேம்மா" என்றார் டாக்டர். இப்போது மணிக்கொரு தரம் மருந்து விடுகிறார்கள். அடங்காவிட்டால் கருவிழி மாற்ற வேண்டுமாம். பார்வை எம்புட்டுத் திரும்புமென்று அவருக்கே தெரியவில்லை.

அனுப்பியது நீங்கள்தான், ஆனால் விட்டது என் கை. உங்கள் எழுத்தைப் பார்த்த சந்தோசத்தில் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டேன். எனக்கு உங்கள் மேலும் ஆத்திரம், என் மேலும் ஆத்திரம்.

"யாரு குடுத்தா இந்தச் சொட்டை?" என்று டாக்டர் அதட்டினார். நான் வாய் திறக்குமுன் அனு சொன்னாள்: "எங்கம்மாதான் கடையில வாங்குனாங்க."

நான் மறுக்கவில்லை. குப்பியை இன்னும் கைக்குள்ளேயே வைத்திருக்கிறாள், கேட்டால் தரமாட்டேன் என்கிறாள். நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மாரிசெல்வி